கோச்சின் பாசம் அணிக்குப் பலமா, பாரமா? ரக்பி பயிற்சியாளர்கள் பற்றி ஒரு விவாதம்

#1 எட்டாம்நம்பர்

ரக்பியில் கோச்சின் நிலைமையே தனி. கால்பந்து கோச் கோட்டோரம் நின்று கத்தலாம், கை காட்டலாம். ரக்பியில், அதுவும் பெரிய அணிகளில், அவர் மேலே ஸ்டாண்டில் ஒரு சின்ன அறையில் லேப்டாப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். விசில் ஊதியபின் 80 நிமிடம், நடுவில் ஒரு ஹாஃப் டைம், கையில் எட்டு ரிசர்வ் வீரர்கள். ரேடியோவில் கீழே இருப்பவரிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பலாம், அவ்வளவுதான். பெனால்டி கிடைத்தால் கோலுக்கு உதைப்பதா, ஸ்க்ரம் (இரு அணியின் முன்னாட்டக்காரர்களும் தோள்கோத்து முட்டிப் பந்துக்குப் போராடுவது) கேட்பதா என்பது கேப்டன் எடுக்கிற முடிவு. வாரம் முழுக்க உயிரைக் கொடுத்து உழைத்த மனிதருக்கு மேட்ச் நேரத்தில் செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. அதனால்தான் கேமரா அந்த அறைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மேஜையைக் குத்துகிறவரையும் முகத்தைப் பொத்திக்கொள்கிறவரையும் பார்க்கிறோம்.

இந்த உணர்ச்சி அணிக்கு நல்லதா, கெட்டதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோச் அணியின்மேல் வைத்த பாசம் உண்மையானதா என்று தெரிய வேண்டுமானால், அவர் பேச்சை மீறி ஆடும் தைரியம் அந்த அணிக்கு வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

2015 செப்டம்பர் 19, பிரைட்டன். ஜப்பான், தென்னாப்பிரிக்காவுடன் மோதுகிறது. அதற்கு முன் ஜப்பான் உலகக்கோப்பையில் ஜெயித்திருந்தது ஒரே ஒரு மேட்ச், 1991இல் ஜிம்பாப்வேக்கு எதிராக. எதிரே இருந்ததோ இரண்டு முறை கோப்பை வாங்கிய அணி. கடைசி நிமிடங்களில் 29-32 என்று ஜப்பான் பின்தங்கியிருக்கிறது. பெனால்டி கிடைக்கிறது. உதைத்தால் மூன்று புள்ளி, மேட்ச் சமன். தென்னாப்பிரிக்காவுடன் சமன் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி. மேலே அறையில் ஜப்பான் கோச் எடி ஜோன்ஸ் மூன்று புள்ளியை எடுக்கச் சொல்லிக் கத்துகிறார். கீழே கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்கிறார். கோபத்தில் ஜோன்ஸ் ரேடியோவை உடைத்தே விட்டார் என்பார்கள். பந்து இடப்பக்கம் கடைசி ஆள் வரை வருகிறது, கர்ன் ஹெஸ்கெத் மூலையில் டிரை போடுகிறார், அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ஐந்து புள்ளி எடுக்கிறார். 34-32.

இதற்கு முந்தைய வருடங்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பயிற்சி, ஒரே நாளில் பல தடவை பயிற்சி என்று அந்த வீரர்களை அவர் படுத்தாத பாடில்லை. 2013இல் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், திரும்பி வந்து அதே வேலையைத் தொடர்ந்தார். அவருடைய பெரிய புகாரே, இவர்கள் சொன்னதை அப்படியே செய்கிறார்கள், களத்தில் சொந்தமாக முடிவெடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான். கடைசியில் முடிவெடுத்தார்கள், அவருக்கே எதிராக. ஒரு கோச்சுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்கிறதா?

#2 கோட்டோரம்

அருமையான தொடக்கம் நண்பரே. ஒரு சின்னச் சேர்க்கை: அந்த உலகக்கோப்பையில் ஜப்பான் மூன்று மேட்ச் ஜெயித்தும் காலிறுதிக்குப் போகவில்லை. மூன்று ஜெயித்தும் வெளியேறிய முதல் அணி அதுதான். கொடுமை.

ஆனால் உங்கள் கட்சியை முழுதாக ஏற்க முடியவில்லை. மீறும் தைரியம் வருவதற்கு முன்னால், இந்த ஆளுக்காக எதையும் செய்யலாம் என்ற எண்ணம் வர வேண்டும். 1997இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்கா போனது. யாரும் அவர்களை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை, முக்கியமாக ஸ்க்ரமில் முட்டும் ஃபார்வர்டுகளை. கேப் டவுனில் முதல் டெஸ்ட் அன்று ஃபார்வர்டுகளை மட்டும் ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசினார் அவர்களுடைய கோச் ஜிம் டெல்ஃபர். இதுதான் உங்கள் எவரெஸ்ட், அதன் உச்சியைத் தொடும் வாய்ப்பு ரக்பியில் வெகு சிலருக்குத்தான் கிடைக்கும் என்பது அந்தப் பேச்சின் சாரம். குரலை உயர்த்தவே இல்லை. மெல்லத் தொடங்கி மெல்லவே முடித்தார். 25-16 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரம் டர்பனில் 18-15, தொடரும் அவர்கள் கைக்கு வந்தது.

டெல்ஃபர் பள்ளி ஆசிரியர், தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். பயிற்சியில் அவரைப்போலக் கடுமையானவர் கிடையாது. ஸ்க்ரம் இயந்திரத்தில் ஃபார்வர்டுகளை முட்டவைத்தே மூச்சு வாங்க வைத்துவிடுவார். அப்படிப்பட்ட ஆள் ஒருநாள் தாழ்ந்த குரலில் பேசினால் அறையே கேட்கும்.

#3 வெளிச்சிறகு

ஃபிஜியைச் சொல்லாமல் இந்த விவாதம் நிறையாது.

பென் ரயன் இங்கிலாந்துக்காரர். 2013இல் ஃபிஜியின் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் ரக்பி) அணிக்குக் கோச்சாக வந்தார். சங்கத்திடம் காசு இல்லை, முதல் சில மாதங்கள் அவருக்குச் சம்பளமே வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அடுத்த விமானத்தைப் பிடித்திருப்பார். அவர் தங்கினார். வீரர்கள் சாப்பிடுவதை மாற்றினார், அவர்களுடைய கிராமங்களுக்குப் போனார், வீட்டுத் தரையில் உட்கார்ந்து பேசினார். ஃபிஜி வீரர்கள் பிறவியிலேயே பந்தோடு விளையாடுகிறவர்கள், அவர்களைக் கட்டிப்போடக் கூடாது என்று புரிந்துகொண்டு, உடம்பைத் தயார்படுத்துவதிலும் ஒழுங்கிலும் மட்டும் கறாராக இருந்தார். ஆட்டத்தை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டார்.

2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அடித்தது. 44 பேர் இறந்தார்கள், கிராமம் கிராமமாக வீடுகள் போயின. ஒலிம்பிக்ஸுக்கு ஆறே மாதம். ஊரே தரைமட்டமாகிக் கிடக்கும்போது ஒரு வீரனிடம் பாஸ் கொடுப்பதைப் பற்றிப் பேச முடியுமா? அந்த நேரத்தில் கோச் என்பவர் முதலில் மனிதராக இருந்தாக வேண்டும். ஆகஸ்டில் ரியோவில் இறுதி ஆட்டம், பிரிட்டன் எதிரணி. 43-7. ஃபிஜி நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அந்தத் தங்கம்தான். பதக்கம் போட வந்த இளவரசி ஆன் முன் வீரர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு வாங்கினார்கள்.

ஊர் திரும்பியதும் ரயனுக்கு நிலம் கொடுத்தார்கள், ஊர்த்தலைவர்களுக்குரிய பட்டம் கொடுத்தார்கள், ஐம்பது சென்ட் நாணயத்தில் அவரைப் பொறித்தார்கள். ஏழு பேர் ஆடும் ஆட்டத்தின் நினைவாக ஏழு டாலர் நோட்டும் அடித்தார்கள். நாணயத்தில் கோச்சைப் பொறித்த நாடு எனக்குத் தெரிந்து வேறு எதுவும் இல்லை. அந்த மக்கள் கோப்பைக்கு மட்டும் நன்றி சொல்லவில்லை, சம்பளமில்லாத நாட்களிலும் தங்களோடு இருந்தவருக்கு நன்றி சொன்னார்கள் என்று நான் நம்புகிறேன்.

#4 ஹூக்கர்

எல்லாம் நல்ல பக்கமாகவே போகிறதே. மறுபக்கத்தையும் பேசுவோம்.

ராஸி எராஸ்மஸ். 2018இல் தென்னாப்பிரிக்க அணியைக் கையில் எடுத்து, 2019இல் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கியவர். சியா கோலிசியைக் கேப்டனாக்கியவர். மாபெரும் கோச், மறுக்கவே மாட்டேன். ஆனால் 2021இல் லயன்ஸுக்கு எதிரான முதல் டெஸ்டில் 17-22 என்று தோற்றபின் என்ன செய்தார்? ரெஃப்ரி நிக் பெர்ரியின் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி 62 நிமிடம் ஓடும் வீடியோ பேசினார். அது வெளியே வந்து உலகம் முழுக்கப் பரவியது. தானும் தன் குடும்பமும் எவ்வளவு மன உளைச்சலுக்கு ஆளானோம் என்பதை அந்த ரெஃப்ரி விசாரணையில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. எராஸ்மஸுக்கு இரண்டு மாதம் முழுத் தடை, 2022 செப்டம்பர் முடியும் வரை மேட்ச் நாட்களில் தடை.

அவர் செய்தது எல்லாம் அணிக்காகத்தான், சந்தேகமே இல்லை. என் ஆட்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று அவர் மனதார நம்பினார். பாசம் கண்ணை மறைத்தால் இப்படித்தான் ஆகும். அந்த வாரம் விசில் ஊத வந்த மனிதருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள் என்ற நினைப்பே வரவில்லை.

#5 எட்டாம்நம்பர்

ஹூக்கர், அந்த வீடியோவுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ரெஃப்ரி இல்லாமல் ஆட்டமே இல்லை.

ஆனால் அதே மனிதர் 2019 இறுதி ஆட்டத்துக்குப் பின் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் வேலை இல்லாமல் இருப்பதுதான் அழுத்தம், நெருங்கிய உறவினர் கொலையாவதுதான் அழுத்தம், ரக்பி மக்களுக்கு நம்பிக்கை தர வேண்டிய இடம் என்கிற பொருளில் பேசினார். இருபத்து மூன்று பேர் தோளில் ஒரு நாடே ஏறி உட்கார்ந்திருக்கும் இறுதி ஆட்டத்தை, சுமை என்று நினைக்காதே, பாக்கியம் என்று நினை எனச் சொல்லி இறக்கிவைக்கத் தெரிந்தவர். அன்று வீரர்களின் தோளிலிருந்து பாரத்தை எடுத்தார். 2021இல் தன் பாரத்தைத் தூக்கி வேறொருவர் தலையில் வைத்துவிட்டார். ஒரே ஆள், ஒரே தீவிரம். எந்தப் பக்கம் பாய்கிறது என்பதுதான் வித்தியாசம்.

#6 மூன்றாம்வரிசை

இதுவரை யாரும் பெண்கள் ரக்பி பற்றிப் பேசவில்லை. இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை அங்கேதான் இருக்கிறது.

2021 கடைசியில் நியூசிலாந்து பெண்கள் அணி ஐரோப்பா போனது. இங்கிலாந்திடம் 12-43, 15-56. பிரான்ஸிடம் 13-38, 7-29. நான்கிலும் தோல்வி. ஊர் திரும்பியபின் அணியின் ஹூக்கர் (ஸ்க்ரம் முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) தே குரா நாட்டா-ஏரெங்காமாட்டே சமூக வலைத்தளத்தில் எழுதினார்: அந்தப் பயணத்தில் தான் மனமுடைந்து போனதாக, கோச் சொன்ன வார்த்தைகள் தன்னை எந்த அளவுக்குக் காயப்படுத்தின என்பதாக. விசாரணை நடந்தது, அணியின் சூழலே சரியில்லை என்று தெரியவந்தது, 2022 ஏப்ரலில் கோச் விலகினார். உலகக்கோப்பைக்கு ஆறு மாதம், அதுவும் சொந்த மண்ணில்.

ஓய்வு பெற்றிருந்த வெய்ன் ஸ்மித் வந்தார். 2011, 2015 என்று ஆண்கள் அணி கோப்பை வாங்கிய இரண்டு முறையும் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். எதற்குத் தலைவலி என்று வீட்டில் இருந்திருக்கலாம். கிரஹாம் ஹென்றியும் உதவிக்கு வந்தார், ஸ்க்ரம் கற்றுக்கொடுக்க மைக் குரோனும் வந்தார். உலக ரக்பியின் மூன்று பெரியவர்கள், பல வருடம் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஓர் அணிக்காக வேலை செய்தார்கள். ஸ்மித் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுங்கள், பயப்படாதீர்கள்.

நவம்பர் 12, ஈடன் பார்க், 42,579 பேர். எதிரே தொடர்ந்து 30 மேட்ச் ஜெயித்து வந்த இங்கிலாந்து. நியூசிலாந்து 34-31 என்று முன்னால். கடைசி நொடிகளில் இங்கிலாந்துக்குக் கோட்டுக்கு அருகில் லைன்அவுட் (பக்கக் கோட்டிலிருந்து எறியும் பந்துக்கு இரு அணி வரிசையும் குதிப்பது). அந்த லைன்அவுட்டில் டிரை போடுவது இங்கிலாந்துக்குக் கைவந்த கலை, அன்றைக்கும் அதே வழியில்தான் புள்ளி சேர்த்துக்கொண்டிருந்தது. ஜோயானா நான்-வூ குதித்து அந்தப் பந்தைத் தட்டிப் பறித்தார். முடிந்தது.

பலர் அதே பெண்கள்தான். ஒரே வருடம். உடம்பு அப்படி ஒன்றும் மாறிவிடாது. யாரிடம் தாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம் என்பது மாறியது. என் டீமை நான் நேசிப்பதால்தான் திட்டுகிறேன் என்று சொல்லும் எந்தக் கோச்சும் இந்த ஒரு வருடத்தைப் படித்துவிட்டு வரட்டும்.

#7 கோட்டோரம்

மூன்றாம்வரிசை, கைதட்டுகிறேன். அந்த லைன்அவுட்டை எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்க்கிறது. பதினெட்டாவது நிமிடத்திலேயே ரெட் கார்டு வாங்கிப் பதினான்கு பேரோடு அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்த இங்கிலாந்துக்கும் ஒரு சலாம்.

#8 பழையபன்னிரண்டு

நான் கிளப் அளவில் சென்டராக ஆடியவன். மேலே பேசிய பெரிய கோச்சுகள் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கோச்சின் மனம் எப்போது தெரியும் என்று கேட்டால், டீமில் எடுக்காதபோது தெரியும் என்பேன்.

மேட்ச் நாள் அணி 23 பேர். பயிற்சிக்கு வருகிறவர்கள் அதைவிட எப்போதும் அதிகம். ஒவ்வொரு வாரமும் யாராவது சிலர் வெளியே. பல கோச்சுகள் பட்டியலை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள், இப்போதெல்லாம் குழுவில் ஒரு மெசேஜ் போதும். எங்கள் கோச் அப்படிச் செய்ததே இல்லை. முக்கியமான ஓர் ஆட்டத்துக்கு முன்னால், பயிற்சி முடிந்து எல்லோரும் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். கோல் கம்பம் வரை நடந்தோம். "இந்த வாரம் நீ இல்லை. டிஃபென்ஸில் வெளிப்பக்கத்து ஆளைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பிவிடுகிறாய், அந்த இடைவெளியில்தான் அவர்கள் ஓடுவார்கள். இன்னும் ஒரு மாதம் இதைச் சேர்ந்து சரி செய்வோம்," என்றார். பூசி மெழுகவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் போகவில்லை, பக்கத்திலேயே நின்றார். நான் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிக்கும் வரை நின்றார்.

அடுத்த பயிற்சிக்கு அரை மணி முன்னாலேயே வந்து எனக்காகக் கூம்புகளை அடுக்கிவைத்திருந்தார். இருட்டும் வரை அவரே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தார், நான் டேக்கிள் செய்ய. வயசு அவருக்கு ஐம்பதுக்கு மேல்.

களத்தில் இருக்கும் பதினைந்து பேரை நேசிப்பது சுலபம். அவர்கள்தான் ஜெயித்துக் கொடுக்கிறார்களே. வெளியே இருப்பவனுக்கு நேரம் ஒதுக்குகிறாரா என்று பாருங்கள்.

#9 வெளிச்சிறகு

பழையபன்னிரண்டு அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. அந்தக் கோச்சுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#10 ஹூக்கர்

நேசித்தும் சேராமல் போன கதையும் இருக்கிறது. 2011 உலகக்கோப்பையில் பிரான்ஸ் கோச் மார்க் லீவ்ரெமோன். குரூப் ஆட்டத்தில் டோங்காவிடம் 14-19 என்று தோற்றார்கள். வீரர்களுக்கும் அவருக்கும் ஆகவில்லை. அரையிறுதி ஜெயித்தபின் அவர் பேச்சை மீறிச் சிலர் கொண்டாட வெளியே போனார்கள், அவர் பத்திரிகையாளர்கள் முன்னாலேயே அவர்களைக் கெட்டுப்போன பிள்ளைகள் என்று திட்டினார். அப்புறம் அதே அணி இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தை 7-8 வரை விரட்டியது. ஒரு புள்ளி!

எட்டாம்நம்பர், உங்கள் அளவுகோல்படி பார்த்தால் இவர்கள் கோச் பேச்சை மீறி ஆடினார்கள். அப்படியானால் லீவ்ரெமோன் வெற்றி பெற்ற கோச்சா?

#11 எட்டாம்நம்பர்

நல்ல கேள்வி, நறுக்கென்று கேட்டீர்கள். இல்லை என்றுதான் சொல்வேன். லீச் மீறியது, ஜோன்ஸ் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்ததை நம்பி. பிரெஞ்சு வீரர்கள் மீறியது கோச்சை நம்பாமல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே என் அளவுகோலோடு இதையும் சேர்க்கிறேன்: மீறிய பிறகு அவர்களால் கோச்சின் முகத்தைப் பார்க்க முடிகிறதா? ஜப்பான் வீரர்கள் மேட்ச் முடிந்ததும் அவரோடு சேர்ந்துதான் கொண்டாடினார்கள்.

ஜோன்ஸையும் நான் முழுதாகத் தூக்கிவைக்கவில்லை. இங்கிலாந்தில் அவரிடம் வேலை பார்த்த துணைப் பயிற்சியாளர்கள் வந்த வேகத்தில் போய்க்கொண்டே இருந்தார்கள். 2023இல் ஆஸ்திரேலியா வேல்ஸிடம் 6-40 என்று தோற்று, வரலாற்றில் முதன்முறையாகக் குரூப் சுற்றோடு வெளியேறியது அவர் கையில்தான். அவர் போடும் தீவிரம் எல்லோருக்கும் தாங்காது.

#12 மூன்றாம்வரிசை

தாங்குவது பற்றிப் பேசினால், கோச்சின் சொந்த உடம்பும் வாழ்க்கையும் இருக்கிறதே.

1995இல் தென்னாப்பிரிக்கா கோப்பை வாங்கியதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. மண்டேலா, பச்சை ஜெர்சி, ஸ்ட்ரான்ஸ்கியின் டிராப் கோல், 15-12. கோச் கிட்ச் கிறிஸ்டியை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பல வருடங்களாக ரத்தப் புற்றுநோயோடு வாழ்ந்தவர். அதோடுதான் அணியை நடத்தினார். அவர் கோச்சாக இருந்த 14 மேட்ச்சிலும் தென்னாப்பிரிக்கா ஜெயித்தது, ஒன்றுகூடத் தோற்கவில்லை. உடம்பு விடாததால் விலகினார், 1998இல் போய்விட்டார்.

இன்னொரு பக்கம் ஜோ ஷ்மிட். அயர்லாந்து அணி உச்சத்தில் இருந்த 2018இல், நியூசிலாந்தை வென்ற அதே மாதத்தில், அடுத்த உலகக்கோப்பையோடு நிறுத்திக்கொள்கிறேன், குடும்பத்தைக் கவனிக்கப் போகிறேன் என்று அறிவித்தார். இதை ஈடுபாட்டுக் குறைவு என்று யாராவது சொன்னால் கடைசி வரை எதிர்ப்பேன்.

#13 ஸ்க்ரம்வாசி

அந்தனி ஃபோலியை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

அயர்லாந்தின் மன்ஸ்டர் அவருக்கு அணி மட்டுமில்லை, வீடு. 1978இல் நியூசிலாந்தை 12-0 என்று தோற்கடித்த மன்ஸ்டர் அணியில் அவர் அப்பா ஆடினார். மகன் அதே சிவப்பு ஜெர்சியில் எட்டாம் நம்பராக வளர்ந்தார், 2006இல் கேப்டனாக இருந்து ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார், பிறகு அதே அணிக்கே கோச் ஆனார். 2015-16 சீசன் மோசமாகப் போனது. விமர்சனம் தாங்க முடியாத அளவு. அடுத்த சீசனுக்கு அவருக்கு மேலே ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அந்த ஒருவர் வேறு யாருமில்லை, ஹூக்கர் மேலே சொன்ன அதே ராஸி எராஸ்மஸ். தன் வீட்டில் தனக்கு மேல் ஒருவர் வந்து உட்கார்ந்தால் எத்தனை பேர் இருப்பார்கள்? ஃபோலி இருந்தார். டிராக்சூட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்து வீரர்களோடு வேலை செய்தார்.

2016 அக்டோபர் 16, பாரிஸில் ராசிங் அணியுடன் மேட்ச் நடக்க வேண்டிய நாள். ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 42.

ஆறு நாள் கழித்துத் தாமண்ட் பார்க்கில் கிளாஸ்கோவுடன் ஆட்டம். அன்று மன்ஸ்டரில் யாரும் 8ஆம் நம்பர் போடவில்லை. அந்த இடத்தில் ஆடிய சி.ஜே. ஸ்டாண்டர் முதுகில் 24 என்று இருந்தது. ஆரம்பத்திலேயே கீத் ஏர்ல்ஸுக்கு ரெட் கார்டு, மீதி நேரமெல்லாம் பதினான்கு பேர். 38-17 என்று ஜெயித்தார்கள். முடிந்ததும் வட்டமாக நின்று பாடினார்கள், ஃபோலியின் இரண்டு பையன்களும் அந்த வட்டத்துக்குள் நின்றார்கள்.

கோச் அணிக்கு என்ன கொடுத்தார் என்று நாம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். அணி திருப்பிக் கொடுத்ததை அன்றைக்குப் பார்த்தோம்.

#14 கோட்டோரம்

அந்த மேட்ச்சை நேரலையில் பார்த்தேன். கண்ணீர் நிற்கவில்லை.

#15 சுண்ணாம்புக்கோடு

பள்ளி அணி ஒன்றுக்கு உதவியாளராகப் போகிறேன். கோடு போடுவது, தண்ணீர், டேப் எல்லாம் என் பொறுப்பு. அதனால் கோச்சை மிக அருகில் பார்க்கிறேன். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

நாக்அவுட் ஆட்டம், இரண்டாம் பாதி, நாங்கள் மூன்று புள்ளி பின்னால். எங்கள் நல்ல ஃபிளாங்கர் ஒரு டேக்கிளில் இறங்கினான், எதிராளியின் இடுப்பு இவன் தலையில் பட்டது. உடனே எழுந்துவிட்டான். கட்டைவிரலைக் காட்டினான். கூட்டம் கைதட்டியது. அடுத்தது லைன்அவுட். அவன் நடந்துபோய் எதிரணி வரிசையின் கடைசியில் நின்றான். ஒரு நொடிதான், யாரோ இழுத்துவிட்டார்கள், சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்தான். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தேன், கோச் ஏற்கெனவே கை தூக்கி ரெஃப்ரியைக் கூப்பிட்டுவிட்டார்.

பெரிய அணிகளில் தலை அடிபட்டால் 12 நிமிடம் வெளியே கூட்டிப்போய் டாக்டர் பரிசோதிப்பார், சரி என்றால் திரும்ப விடலாம். எங்கள் மட்டத்தில் அந்த வசதி கிடையாது, விதியும் வேறு. சந்தேகம் வந்தாலே வெளியே, அன்றைக்குத் திரும்ப வரக் கூடாது. பையன் வர மறுத்தான். "சார், நான் நல்லாத்தான் இருக்கேன்," என்று அழுதான். அவன் அப்பா கயிற்றைத் தாண்டி வந்து, இன்னும் பத்து நிமிடம்தானே என்றார். கோச் பதிலே சொல்லவில்லை. பையனின் மவுத்கார்டைக் கையில் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். மவுத்கார்டு இல்லாமல் அவனால் உள்ளே ஓட முடியாது.

தோற்றோம். பையன் டாக்டரிடம் போகும் வண்டியில் கோச்சும் ஏறினார். மற்ற பையன்களுக்கு ஆறுதல் சொல்ல ஆள் இல்லாமல், அன்று நானும் கேப்டனும்தான் சமாளித்தோம். மறுவாரம் அந்த அப்பா பயிற்சிக்கு வந்து கோச்சோடு வெகுநேரம் நின்று பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் போகவும் இல்லை.

உணர்ச்சியோடு இருக்கும் கோச், உணர்ச்சி இல்லாத கோச் என்று பிரிப்பதே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மனிதர் தோல்வியை வெறுக்கிறவர். கோப்பை வேண்டும் என்று அவருக்கும் இருந்தது. பையன் அதைவிட வேண்டியவன்.

#16 ஹூக்கர்

சட்டைப் பையில் போட்டுக்கொண்டாரே, அது போதும். இதற்கு மேல் எனக்கு எதிர்வாதம் இல்லை.

#17 புதுவிசில்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து பதினான்கு வயதுக்கு உட்பட்ட அணிக்கு நான் கோச். ஆடியிருக்கிறேன், சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்குச் சட்டென்று உணர்ச்சிவசப்படும் சுபாவம். மேட்ச் நேரத்தில் எப்படி நடந்துகொள்வது? முக்கியமாக ஹாஃப் டைமில்?

#18 பழையபன்னிரண்டு

வாழ்த்துகள் தம்பி. ஹாஃப் டைமில் முதல் இரண்டு நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு வாங்கட்டும், மூக்கில் ரத்தம் வந்தவன் துடைத்துக்கொள்ளட்டும். அப்புறம் கேப்டனிடம் கேளுங்கள்: உள்ளே என்ன நடக்கிறது? நமக்குக் கோட்டோரத்திலிருந்து தெரிவது பாதிதான். அவன் சொல்லி முடித்தபின் நீங்கள் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். இரண்டு சொன்னால் இரண்டும் மறந்துவிடும்.

உணர்ச்சிவசப்படுவது தப்பில்லை. டிரை போட்டால் துள்ளிக் குதியுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தப்பு செய்த பையனின் பெயரைச் சொல்லி மட்டும் கத்தாதீர்கள். அவன் அம்மா அப்பா கூட்டத்தில் நிற்பார்கள், நண்பர்கள் நிற்பார்கள்.

#19 சுண்ணாம்புக்கோடு

டேப்பும் ஐஸும் நீங்களே தூக்க வேண்டாம், ஒரு பெற்றோரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரெஃப்ரியிடம் மேட்ச் தொடங்குமுன் கைகொடுத்துப் பேசிவிடுங்கள், பிள்ளைகள் பார்க்கிற மாதிரி.

#20 எட்டாம்நம்பர்

பெனால்டி வந்தால் என்ன செய்வது என்று கேப்டனுக்கு முதல் ஆட்டத்திலிருந்தே விட்டுவிடுங்கள். தப்பாக எடுத்தாலும் அன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை பயிற்சியில், ஏன் அப்படி முடிவு செய்தாய் என்று அவனிடம் கேளுங்கள். பல நேரம் அவனிடம் நல்ல காரணம் இருக்கும்.

#21 புதுவிசில்

நன்றி அண்ணா, நன்றி எல்லோருக்கும். கேப்டனை இன்னும் முடிவு செய்யவில்லை. ஓட்டத்தில் முந்துகிறவனைப் போடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது முதல் இரண்டு பயிற்சி பார்த்துவிட்டுப் பையன்களிடமே கேட்கலாம் என்று இருக்கிறேன். முதல் மேட்ச் முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.